மீந்த மூட்டைகள்

வீடு கட்டி முடித்த ஒவ்வொரு குடும்பத்திலும் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் ஒரு பிரச்னை எழுகிறது. பந்தல்காரர் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறார். சமையற்காரர் பாத்திரங்களை எண்ணிக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார். உறவினர்களும் தாம்பூலப் பையுடன் ஊர் திரும்புகிறார்கள். ஆனால் வாசல் ஓரத்தில் ஏழெட்டு மூட்டை சிமெண்டும், முப்பது நாற்பது தரை ஓடுகளும், வளைந்தும் நெளிந்தும் சில இரும்புக் கம்பிகளும், அரை வண்டிச் செங்கல்லும் மட்டும் போக்கிடமின்றி நிற்கின்றன. காசு கொடுத்து வாங்கியவை அல்லவா? தூக்கி எறிய மனம் வருவதில்லை. "இருக்கட்டும், பின்னால் உதவும்" என்று வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த வார்த்தையின் பலத்தில் அவை மாடிப்படியின் அடியில் குடி புகுந்து விடுகின்றன.

நெல்லும் பருப்பும் புளியும் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்டால் நம் இல்லத்தரசிகள் நமக்கே பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். இந்த மீந்த சாமான்களைப் பற்றி மட்டும் அவர்களிடம் பரம்பரை ஞானம் எதுவும் கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் சிமெண்டு வீட்டுச் சாமானாக இருந்ததில்லை. சீமையிலிருந்து மரப்பீப்பாயில் அடைபட்டுக் கப்பலில் வந்த சரக்கு அது. 1904-ல் சென்னையில் ஒரு சிறு ஆலையும், 1914-ல் போர்பந்தரில் ஓர் ஆலையும் தோன்றிய பிறகுதான் நம் நாட்டிலேயே அது தயாராகத் தொடங்கியது. கிராமத்துத் திண்ணை வரைக்கும் வந்து சேர அதன் பிறகும் பல வருஷங்கள் பிடித்தன. ஆகவே மிளகாய் வற்றலைப் பற்றிப் பாட்டி சொன்ன புத்திமதி இருக்கிறது. சிமெண்டைப் பற்றி இல்லை. அந்தக் குறையை நம்மால் இயன்ற அளவு இவ்வாரம் நிவர்த்தி செய்யலாம் என்று நினைக்கிறோம்.

இதற்குப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமையைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. இவ்விரண்டும் ஒரே குடும்பம். திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 1995-ல் பெரம்பலூர் தனியாகப் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் தாய்வீட்டோடு சேர்ந்தது. 2007-ல் மறுபடியும் தனிக்குடித்தனம் போயிற்று. மருமகள்களைக் குறை சொல்லும் மாமியார்கள் இந்தச் சரித்திரத்தைக் கவனிக்கவேண்டும்! ஜில்லா எப்படிப் பிரிந்தாலும் சேர்ந்தாலும், பூமிக்கு அடியில் உள்ள சுண்ணாம்புக் கல் பிரியவில்லை. திருச்சியிலிருந்து அரியலூர் போகும் ரயில் பாதையில் டால்மியாபுரத்து ஆலை 1939-லேயே ஏற்பட்டது. அரியலூரில் தமிழ்நாடு அரசின் சிமெண்டு ஆலை 1979-ல் வேலை தொடங்கியது. அதற்குப் பிறகு தனியார் ஆலைகள் பல வந்து சேர்ந்தன. இன்று அந்தப் பக்கத்துச் சாலைகளில் சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகளுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பதே பாதசாரிகளுக்கு ஒரு தொழிலாகிவிட்டது.

அந்தக் கல்லின் பூர்வோத்தரம் விநோதமானது. சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பிரதேசத்தில் கடல் அலை மோதிக்கொண்டிருந்தது. சுருண்ட ஓடுடைய பிராணிகளும் சிப்பிகளும் அதில் வாழ்ந்து மடிந்து அடியில் படிந்தன. அவற்றின் ஓடுகளும் சேர்ந்து இறுகியதுதான் சுண்ணாம்புக் கல். இன்றும் அந்தப் பக்கத்து ஓடைகளில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கின்றன. பெரம்பலூர் ஜில்லாவின் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. ஆக, கடலடியிலே யுகக் கணக்காக ஊறிக் கிடந்தும் ஒரு கேடும் அடையாத கல் அது. அதைத் தோண்டி எடுத்து, களிமண் சேர்த்து, சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் சூளையில் வேகவைத்து, வெந்த கட்டிகளுடன் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்து மூட்டை கட்டிவிட்டால், அதன் சுபாவமே தலைகீழாகி விடுகிறது. மார்கழி மாதத்து ஈரக் காற்று பட்டாலும் அதற்கு ஆபத்து. கடலுக்கு அஞ்சாத கல்லைப் பனிக்கு அஞ்சும் மாவாக்கிவிடுகிறது சூளை.

இதற்குக் காரணம் தெரிந்துகொண்டால் பாதுகாக்கும் வழியும் பாதி தெரிந்த மாதிரிதான். சிமெண்டு "காய்ந்து" இறுகுகிறது என்றுதான் நம்மில் அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. தண்ணீருடன் கலந்து ரசாயன மாறுதல் அடைந்துதான் அது இறுகுகிறது. தண்ணீருக்கு அடியிலேயே வைத்தாலும் இறுகிவிடும். பாலத்துத் தூண்கள் ஆற்றுக்குள் நிற்பது இதனால்தான். சூளையில் தொலைத்த தண்ணீரைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு துகளும் வாயைத் திறந்து காத்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். கொத்தனார் ஊற்றும் தண்ணீருக்கும், சுவரிலிருந்து கசியும் ஈரத்துக்கும், காற்றில் மிதந்து வரும் ஈரத்துக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. எது முதலில் கிடைக்கிறதோ அதைக் குடித்துவிட்டு உட்கார்ந்து விடுகிறது.

சிமெண்டு மூட்டை நனைந்து போனால், அப்பளம் வடகத்தைப் போல் மொட்டைமாடியில் பரப்பி வெயிலில் காயவைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பாவம், வீண் உழைப்பு! வடகத்தில் புகுந்த ஈரம் வெயிலில் வெளியே வந்துவிடும். சிமெண்டில் புகுந்த ஈரம் சிமெண்டாகவே மாறிவிட்டது. அதைச் சூரிய பகவானாலும் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் மறுபடியும் சூளைக்குத்தான் போகவேண்டும்.

பழைய சுண்ணாம்பின் கதை இதற்கு நேர் விரோதம். சுட்ட சுண்ணாம்பு நீற்றப்பட்டுவிட்டால், அதைக் குழியில் தண்ணீருக்கு அடியிலேயே மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட வைத்திருக்கலாம். வைக்க வைக்க அதன் குணம் கூடும். பண்டைய ரோமாபுரியில் மூன்று வருஷமாவது ஆகாத சுண்ணாம்பை உபயோகிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்ததாகப் பிளினி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரிலும் சுண்ணாம்புச் சாந்தை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துத்தான் பெரியவர்கள் கட்டினார்கள். சுண்ணாம்பு இறுகுவதற்குத் தேவை காற்றிலுள்ள கரியமில வாயு. தண்ணீர் மூடியிருக்கும்வரையில் அந்தக் காற்று அதைத் தொடாது; அதனால் அது கெடாது. சிமெண்டுக்கு எமனாகிய தண்ணீர் சுண்ணாம்புக்குக் காவற்காரனாக இருக்கிறது. வெல்லத்தின் விஷயமும் அப்படியே. சுண்ணாம்புக்கு நன்மை செய்த இனிப்பு சிமெண்டுக்கு ஆகாது. ஒரு கைப்பிடி சர்க்கரை சிந்திவிட்டால் போதும், கலவை இறுகும் வேளை தவறிப்போகும். ஆகையால் கடைச் சாமான் வைக்கும் அறையில், வெல்ல மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் பக்கத்தில் சிமெண்டை வைப்பது இரண்டுக்கும் கேடு. உர மூட்டைகளும் அந்த ரகந்தான். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு கொடுக்கும்.

நீற்றாத சுண்ணாம்புக் கல் வீட்டில் மீந்திருந்தால் அது தனி ஆபத்து என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அதன்மீது தண்ணீர் பட்டால் கொதிக்கும். பக்கத்தில் வைக்கோலோ கோணியோ இருந்தால் தீப்பற்றவும் கூடும். குழந்தைகள் கையில் எடுத்து விளையாடிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே மோசம். மீந்த சுட்ட சுண்ணாம்பை அன்றைக்கே ஜாக்கிரதையாக நீற்றி விடுவதே உத்தமம். சிமெண்டுத் தூளும் கண்ணுக்கும் ஈரமான தோலுக்கும் ஆகாது. அதையும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

இனி, வைக்கும் முறைக்கு வருவோம். பெரம்பலூர் ஜில்லாவில், முக்கியமாகச் செட்டிகுளம் பக்கத்தில், சின்ன வெங்காயம் ஏராளமாகப் பயிராகிறது. அறுவடையான வெங்காயத்தை அங்குள்ள விவசாயிகள் "பட்டறை" போட்டு வைப்பார்கள். தரையில் ஈரம் ஏறாமல் உயரத்தில் தளம் அமைத்து, பக்கங்களில் காற்று ஊடுருவும்படி விட்டு, மேலே மழை படாமல் கூரை வேய்வார்கள். இதைப் பார்த்த எவருக்கும் சிமெண்டு வைக்கும் சாஸ்திரத்தில் பாதி வந்துவிட்டது என்று சொல்லலாம். தரையைத் தொடக்கூடாது; மேலே ஒழுகக்கூடாது. மற்றப் பாதிதான் வேறு. வெங்காயத்துக்குக் காற்று உயிர். சிமெண்டுக்குக் காற்று விரோதி. வெங்காயத்தைப் போல் காற்றோட்டமாக வைப்போம் என்று ஜன்னலோரத்தில் இடைவெளி விட்டு அடுக்குகிறவர்கள் நல்ல எண்ணத்தினாலேயே சரக்கைக் கெடுக்கிறார்கள்.

நம் தேசத்துத் தர நிர்ணய அமைப்பு, கட்டடச் சாமான்களை அடுக்கி வைப்பதற்கென்றே 4082 என்ற எண்ணுள்ள விதிகளை வகுத்திருக்கிறது. பெரிய கிடங்குகளை உத்தேசித்து எழுதப்பட்டவை என்றாலும் வீட்டுக்கும் அவை பொருந்தும். தரையிலிருந்து 150 முதல் 200 மில்லிமீட்டர், அதாவது அரை அடிக்குச் சற்று மேலே, பலகைகளின்மீது மூட்டை இருக்கவேண்டும். வெளிச்சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே குறைந்தது 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடி, இடம் விடவேண்டும். மூட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி, இடையில் காற்று நடமாடாதபடி அடுக்கவேண்டும். பத்து மூட்டைக்கு மேல் உயரம் போகக்கூடாது. மழைக்காலத்தில் அடுக்கு முழுவதையும் கனமான பாலிதீன் தாளால் போர்த்தவேண்டும்.

வீட்டில் இதைச் செய்வதற்குச் செலவே இல்லை. மீந்த செங்கல்லை இரண்டு வரிசையாக இரண்டிரண்டு கல் உயரத்துக்கு வைத்து, மேலே மீந்த சாரப் பலகையைப் போட்டு, அதன்மேல் ஒரு பாலிதீன் தாளை விரித்தால் தளம் தயார். மூட்டைகளை அடுக்கியபின் அந்தத் தாளின் ஓரங்களை மேலே மடித்து, இன்னொரு தாளால் மேலிருந்து மூடிவிடவேண்டும். கரிசல் பூமியில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். அந்த மண் மழைத் தண்ணீரைச் சுலபத்தில் விடாது. வெளியே தரை காய்ந்து வெடித்த பிறகும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். சிமெண்டுத் தரைதானே, ஈரம் எப்படி வரும் என்று நினைத்து நேராகத் தரையில் வைக்கும் மூட்டையின் அடிப்பக்கம் இரண்டு மாதத்தில் தட்டையான கல்லாகி விடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

மாடிப்படியின் அடி மோசமான இடம். கழுவி விடும் தண்ணீர் முழுவதும் அங்கேதான் இறங்கும். ஸ்நான அறையை ஒட்டிய சுவர் அதைவிட மோசம். மாட்டுக்கொட்டகை சர்வநாசம். பரண் உலர்ந்த இடமாயிற்றே என்று சிலர் யோசிப்பார்கள். ஒரு மூட்டை 50 கிலோ எடை. ஏழு மூட்டை என்றால் 350 கிலோ! அதைத் தலைக்குமேல் ஏற்றிவிட்டுக் கீழே பாய் விரித்துப் படுத்து உறங்க நமக்குத் தைரியம் போதாது. வீட்டின் நடுவில், வெளிச்சுவரைத் தொடாத ஓர் அறையின் மூலையே சிமெண்டுக்குச் சிறந்த இடம். அழகு குறையும் என்று வீட்டு எஜமானி ஆட்சேபித்தால், ஒரு ஜமுக்காளத்தை மேலே போட்டுப் பலகைக் கட்டிலாக்கி விடலாம்.

வாய் திறந்த மூட்டைக்கு வேறு விதி. இப்போது வரும் பைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையால் நெய்தவை. பார்வைக்கு உறுதியாக இருந்தாலும் தையலின் வழியாகவும் இழைகளின் நடுவிலும் காற்றுப் போய்வரும். அந்தக் காலத்து மரப்பீப்பாய் இந்த விஷயத்தில் மேலானது. பிரித்த மூட்டையில் மீந்ததை உலர்ந்த தகர டப்பாவிலோ மூடி இறுகும் பிளாஸ்டிக் பீப்பாயிலோ கொட்டி, வாய் வரைக்கும் நிரப்பி மூடவேண்டும். அரைப் பீப்பாய் சிமெண்டும் அரைப் பீப்பாய் காற்றுமாக வைத்தால், அந்தக் காற்றிலுள்ள ஈரம் மேல்பகுதியை ஏடு கட்டச் செய்துவிடும். பீப்பாய் இல்லாவிட்டால் இரண்டு பாலிதீன் பைகளில் ஒன்றனுள் ஒன்றாகப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயைக் கட்டலாம். வெள்ளை சிமெண்டுக்கும், தரை ஓடு ஒட்டும் பசைமாவுக்கும் இதே முறைதான்.

இவ்வளவும் செய்தாலும் சிமெண்டு சிரஞ்சீவி ஆகிவிடாது. அதை நெய் ஊறுகாயைப் போல் நினைக்கக் கூடாது. தோசை மாவைப் போல் நினைக்கவேண்டும். சாதாரணமாக வைத்திருந்த சிமெண்டு மூன்று மாதத்தில் தன் பலத்தில் நூற்றுக்குச் சுமார் 20 பங்கும், ஆறு மாதத்தில் 30 பங்கும், ஒரு வருஷத்தில் 40 பங்கும் இழக்கிறது என்று கட்டட நூல்கள் கணக்குச் சொல்கின்றன. மழைக்காலத்தில் நஷ்டம் இன்னும் கூடும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைப் பரிசோதிக்காமல் உபயோகிப்பதில்லை என்பது என்ஜினீயர்களின் வழக்கம். மூட்டையின்மேல் அது தயாரான வாரமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது விலையைப் பார்க்கும் நாம் அந்த வாரத்தையும் பார்க்கவேண்டும். ஆலை பக்கத்திலேயே இருக்கிறது, சரக்குப் புதிதாகத்தான் இருக்கும் என்று அரியலூர்க்காரர்கள் எண்ணுவது இயல்பு. ஆலை பக்கத்தில் இருக்கலாம். மூட்டை கடைக்காரரிடம் எத்தனை வாரம் குடியிருந்தது என்பதல்லவா கேள்வி? ஆலை பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் உண்மையான சௌகரியம் வேறு. வேண்டியபோது வேண்டிய மூட்டையை வாங்கிக்கொள்ளலாம்; நூறு மூட்டையை முன்கூட்டியே இறக்கி அடுக்கவேண்டிய அவசியமில்லை. அந்தச் சௌகரியத்தை அந்த ஊர்க்காரர்களே சரியாக உபயோகித்துக் கொள்வதில்லை என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் எல்லோரும் இஷ்டப்பட்டு மூட்டைகளை வைத்துக் கொள்வதில்லை. தவணை தவணையாகப் பணம் வந்து கட்டும் ஏழைகளின் வீடுகளில் சாமான் முதலில் வந்துவிடும். அடுத்த தவணை வராமல் வேலை நின்றுவிடும். உடையார்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தோம். ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழும்பி இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. கூரைக்கென்று வாங்கிய பதினெட்டு மூட்டைகளை வீட்டுக்கார மூதாட்டி பழைய கொட்டகையின் மூலையில் அடுக்கி, மேலே தென்னங்கீற்றும் போட்டுக் கண்ணைப் போல் காப்பாற்றி வைத்திருந்தார். மகன் வெளியூரிலிருந்து பணம் அனுப்பியதும் கொத்தனாரை அழைத்து வந்து பெருமையோடு காட்டினார். கொத்தனார் ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"ஆயா, இது சிமெண்டு இல்லை. கல்லு."

"அடுக்கி வைச்சபோது மாவு மாதிரி இருந்ததே, தம்பி! ஒரு சொட்டு மழை பட விடலையே!"

மழை படத்தான் இல்லை. மாட்டின் மூச்சும், கோமியம் ஊறிய தரையும், இரண்டு கார்த்திகை மாதத்துக் காற்றும் பட்டிருந்தன. உள்வரிசையிலிருந்த சில மூட்டைகளில் மாவு பாதியும் கட்டி பாதியுமாக இருந்தது. சலித்து எடுத்துக் கூரைக்கே போடலாமே என்று மூதாட்டி கெஞ்சினார். அந்தப் பதினெட்டு மூட்டைக்காகக் காதிலிருந்த தோட்டை விற்றிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. கொத்தனாரும் வசதியுள்ளவர் அல்ல. அன்றைய கூலி அவருக்கும் வேண்டித்தான் இருந்தது. ஆனாலும், "இதைக் கூரையில் போட்டால் கீழே உன் பேரன் படுத்திருப்பான், ஆயா" என்று சொல்லி மட்டப்பலகையைக் கையில் எடுக்க மறுத்துவிட்டார். சலித்த மாவைக் கொண்டு முற்றத்தில் ஒரு நடைபாதை மட்டும் போட்டுக் கொடுத்தார். கூரைக்குப் புது மூட்டை வந்தது. அதற்கு வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

கொத்தனார் செய்த சோதனையை நாமும் செய்யலாம். மூட்டையில் கட்டி இருந்தாலே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அடுக்கில் அடியிலிருக்கும் மூட்டை மேல்பாரத்தினால் மட்டுமே இறுகியிருக்கக் கூடும். அதைத் தரையில் இப்படியும் அப்படியும் உருட்டினால் உள்ளே மாவு உதிர்ந்துவிடும். கட்டியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கவேண்டும். பொடியானால் பிழைத்தது, பொடியாகாவிட்டால் அது போயிற்று. மூட்டைக்குள் கையை விட்டால் ஜில்லென்று இருக்கவேண்டும், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் சிறிது மிதந்து பிறகு மூழ்கவேண்டும் என்றெல்லாம் சில சோதனைகள் சொல்லப்படுகின்றன. அவற்றை அதிகம் நம்புவதற்கில்லை. அதைவிட நிச்சயமானது, கொஞ்சம் சிமெண்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அடை போல் தட்டி, மெதுவாகத் தண்ணீருக்குள் வைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது. இறுகியிருந்தால் உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்றுதான் இது சொல்லுமே தவிர, பலம் எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே பழைய சிமெண்டு எதுவானாலும் கூரை, தூண், உத்தரம், ஜன்னல்மேல் நீட்டும் மழைத்தடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு ஆகாது. நடைபாதை, துளசிமாடம், தோட்டத்து வரப்பு போன்ற சில்லறை வேலைகளுக்குச் சலித்துவிட்டு வழக்கத்தைவிடத் தாராளமாகச் சேர்த்து உபயோகிக்கலாம்.

மழைக்காலத்துக்கு முன்னால், அதாவது புரட்டாசி முடிவதற்குள், மீந்த மூட்டைகளைத் தீர்த்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையை அந்தச் சீமையில் அலட்சியம் செய்யமுடியாது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி மருதையாற்று வெள்ளம் அரியலூருக்கு அருகே ரயில் பாலத்தைப் பலவீனப்படுத்தி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸைக் கவிழ்த்தது. ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். ரயிலையே சாய்த்த ஆறு அது. கொட்டகை மூலையில் இருக்கும் மூட்டை எம்மாத்திரம்?

மற்றச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இரும்புக் கம்பியைத் தரையில் போடாமல் கல் வைத்து அதன்மேல் அடுக்கவேண்டும். பாலிதீன் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துரு அதிகமாகும். மேலே கூரை இருந்தால் போதும். வெகுநாள் வைக்கவேண்டுமானால் சிமெண்டுப் பாலைக் கம்பியின்மேல் பூசிவைக்கலாம். கெட்டுப்போகப் போகும் சிமெண்டுக்கு இது ஒரு நல்ல உபயோகம். லேசான துரு பரவாயில்லை. செதில் செதிலாக உதிர்ந்து கம்பி இளைத்திருந்தால் அதைக் கட்டடத்தில் சேர்க்கக்கூடாது. மரத்தை அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே குச்சிகளை வைத்துக் காற்றுப் புகவிடவேண்டும். மரம் வெங்காயத்தின் ஜாதி. கரையான் ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை அடியில் பார்ப்பதும் அவசியம். தரை ஓடு ஈரத்தால் கெடாது. அது இருக்கும் அட்டைப் பெட்டிதான் மக்கிப்போகும். பெட்டியின்மேல் அச்சிட்ட நிற எண்ணை ஓட்டின் பின்புறத்திலேயே எழுதிவைத்தால், பத்து வருஷம் கழித்து ஓர் ஓடு உடையும்போது அந்த எண்ணின் அருமை தெரியும். கண்ணாடிகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் காகிதம் செருகிவைக்கவேண்டும். வர்ண டப்பாவின்மேல் எந்த அறைச் சுவருக்கு அடித்தது என்று எழுதிவைப்பவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அவர்களை நாம் நமஸ்கரிக்கிறோம்.

செங்கல் ஒன்றுதான் வெளியிலே நிற்கத் தயங்காதது. ஆனால் கொல்லைச் சுவரை ஒட்டி அடுக்கினால் தேளும் பாம்பும் வாடகையில்லாமல் குடியேறும். சுவரிலிருந்து தள்ளி, மேடான இடத்தில் அடுக்கவேண்டும். மீந்த செங்கல்லுக்கும் கல்லுக்கும் அரியலூர் ஜில்லாவில் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் மாளிகை இருந்த இடமாகிய மாளிகைமேட்டைத் தோண்டினால் இன்றும் செங்கற் சுவர்கள் வெளிப்படுகின்றன. அங்குள்ள பெரிய கோயிலின் மதிலை 1836-ல் இடித்து, கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்குக் கல் கொண்டு போனார்கள். சக்கரவர்த்தி கட்டிய மதில் கும்பினிக்கு "மீந்த சாமானாக"த் தோன்றிற்று போலும்! அந்தச் செங்கற்கள் ஆயிரம் வருஷம் மண்ணில் கிடந்தும் செங்கல்லாகவே இருக்கின்றன. மாடிப்படியடியில் இருக்கும் மூட்டைக்கு அந்த ஆயுள் இல்லை. ஆகவே வீட்டில் இடம் போதாதபோது எதை உள்ளே கொண்டுவருவது, எதை வெளியே விடுவது என்று தம்பதிகளுக்குள் சண்டை வேண்டியதில்லை. சிமெண்டு முதலில் உள்ளே வரட்டும். அதன்பின் மரம், கம்பி. செங்கல் வெளியே இருக்கட்டும்.

வைக்க இடமே இல்லாதவர்கள் மூட்டையைப் பிரிக்காமல் ஒரு வாரத்துக்குள் கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். பழக்கமுள்ளவரானால் சிறிது விலை குறைத்துத் திரும்ப எடுத்துக் கொள்வதுண்டு. அடுத்த தெருவில் அஸ்திவாரம் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டு, நமக்கு வேண்டும்போது புது மூட்டையாகத் திருப்பி வாங்கிக்கொள்வது இன்னும் சிலாக்கியம். அரிசி கைமாற்று கொடுத்து வாங்கும் பெண்மணிகளுக்கு இந்த ஏற்பாட்டை நாம் விளக்கவேண்டியதில்லை. முழுதும் கல்லாகிப்போன மூட்டையைக்கூட எறிந்துவிட வேண்டாம். பையைக் கிழித்துவிட்டுக் கிணற்றடியில் பாதி புதைத்தால் குடம் வைக்க உதவும்.